ஆறாம் எண் பாடகி உயிருடன் உள்ளார்

பிறந்தே இராத ஒரு பெண் உயிருடன் இருக்கிறாள் என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்துச் சான்று கொடுத்தவன் நான். துடியலூரில் எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். இதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப் போகிறேன் என்று எவராவது காத்திருந்தால், அவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். அந்தச் சான்றை நான் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துச் சுருக்கொப்பம் இட்டேன். என் மானத்தை வாங்கியது அந்த ஒரு வரிதான்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வூதியர்களை வருடத்துக்கு ஒருமுறை நேரில் வரவழைத்து, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துப் பதிவது அதில் ஒரு பகுதி. (மூச்சு விடுகிறவர் உயிரோடு இருக்கிறார், இதில் பதிய என்ன இருக்கிறது என்று என் மருமகன் கேட்டார். அவர் தனியார் கம்பெனிக்காரர்.) எதிரில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவர், புத்தகத்தில் உள்ள அதே ஆள்தானா என்பதுதான் கேள்வி. போட்டோ, கையெழுத்து, அங்க அடையாளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வந்து உட்கார்ந்தார். இடது கன்னத்தில் இருக்க வேண்டிய மச்சம் வலது கன்னத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. "கண்ணாடியப் பாத்து வெச்சுட்டு வந்தீங்களாங்க?" என்று கேட்டேன். எழுந்து போனவர் குடையைக்கூட எடுக்கவில்லை. கண் அப்படிப்பட்டது எனக்கு. காதைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றதும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். அதுவரை சங்கத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு தலைவரும் மட்டுமே இருந்தார்கள். நான் போய் தபால் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, ரப்பர் முத்திரை எல்லாம் ஏற்படுத்தினேன். தலைவர் பொன்னுசாமி, பஞ்சாலையில் மேனேஜராக இருந்தவர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இப்படிப்பட்ட தலைவர் கிடைத்தால் ஒரு செயலாளர் விதிகளை எழுதாமல் வேறு என்னதான் செய்வான்?

இனி என் மனைவி ருக்மணி. அவளுக்குக் கட்டைக் குரல். போனை எடுத்தால் எதிர்முனை "சொல்லுங்க சார்" என்றுதான் ஆரம்பிக்கும். "கொஞ்சம் மேடத்துகிட்டக் குடுங்க சார்" என்று கேட்பார்கள். அவள் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டு "மேடந்தான் பேசறனுங்க" என்பாள். அப்போதும் நம்ப மாட்டார்கள். பாட்டு விஷயத்தில் அவளுக்கு ஞானம் உண்டு. டிவியில் பாடுகிறவர் இம்மியளவு சுருதி விலகினாலும் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் வாய் திறந்து ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. ஏன் பாடுவதில்லை என்று நான் கேட்டதுமில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் அவள் போனை என் பேப்பருக்கு மேலே நீட்டினாள். ஏதோ வெளிநாட்டு மேடை. கண்ணாடிபோல் ஒரு திரை. அதில் வரைந்து வைத்த பெண் ஒருத்தி ஆடிக்கொண்டே பாடுகிறாள். கீழே ஆயிரக்கணக்கான ஜனம் கையில் விளக்குக் குச்சியை ஆட்டுகிறது.

"இது ஆளே இல்லீங்க. கொரலு கம்ப்யூட்டர்ல செஞ்சது. பாட்டுக் கட்டறதெல்லாம் நம்மளாட்ட ஊட்ல உக்காந்திருக்கறவங்கதான். எப்பிடி இருக்குதுங்க?"

நான் பத்து வினாடி கேட்டேன். ஒரு கோப்பை முடித்துவைக்க அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

"மிசினு. உசுரில்லை" என்றேன்.

"சரிங்க" என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். (கோயம்புத்தூர்ப் பெண்கள் சொல்லும் 'சரிங்க'வுக்குப் பதினோரு அர்த்தம் உண்டு. முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குப் பிடிபட்டவை நான்கு. இது அந்த நான்கில் இல்லை.)

அதன்பிறகு எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் விசித்திரங்கள் தொடங்கின. அரிசி மூட்டைகளுக்கு மேலே கயிறு கட்டி, இருந்த ஜமுக்காளங்களையெல்லாம் தொங்கப் போட்டாள். வெயிலில் காயப் போட வேண்டியதை எதற்கு இருட்டில் தொங்கப் போடுகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து சத்தம் வரும். க. கா. கி. கீ. ஒவ்வொரு எழுத்தாக, ஒரே சுருதியில், நீட்டி. கு. கூ. நான்கு நாள் கழித்து ஙகர வரிசை. ங, ஙா, ஙி என்று அவள் ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஙௌ வரைக்கும் அது நகரவில்லை.

எனக்குக் கவலை வந்துவிட்டது. அறுபத்தொரு வயதில் ஒருத்தி திடீரென்று அரிச்சுவடியை முதலிலிருந்து படிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஞாபகசக்தியில் கோளாறாக இருக்குமோ? முறைப்படி சோதித்துவிடலாம் என்று காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ருக்மணி, இன்னிக்கு என்ன கெழமை?"

"ஏனுங்க, உங்களுக்கு மறந்துபோச்சுங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன். நம்மூட்டு நெம்பர் எத்தன?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், என்னை. அவர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மறதிக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அரிச்சுவடி விசாரணை அத்துடன் முடிந்தது.

பிறகு ஒருநாள் மட்டும் அவளாக வந்து ஒன்று கேட்டாள். "ஏனுங்க, சித்த நேரம் ஃபேனை நிறுத்திப்போட்டு இருமாம இருக்க முடியுங்களா? ழகரம் வரைக்கும் வந்துட்டேன்." நான் இருமாமல் இருந்தேன். எதற்கு என்று தெரியாமலேயே ஒத்துழைப்பது அரசு ஊழியனுக்குப் பழக்கம்தான்.

இந்த நிலையில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. அதில் பாட்டுப் போட்டி. பாடிப் பதிவு செய்து பென் டிரைவில் கொடுக்க வேண்டும். விதிகள் பதினான்கு, எல்லாம் நான் எழுதியவை. எட்டாவது விதி: பதிவின் மேல் எண் மட்டும் இருக்க வேண்டும், பெயரை ஒட்டிய உறையில் தனியாகக் கொடுக்க வேண்டும், முடிவு அறிவிக்கும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. ஒன்பதாவது விதி: பாடியவர் உயிருடன் உள்ளார் என்று செயலாளர் சான்றளிக்க வேண்டும். சிரிக்க வேண்டாம். அதற்கு முந்தைய வருடம் ஐந்தாவது வீதிக்காரர் ஒருவர் பழைய கேசட்டிலிருந்து ஒரு பாட்டைப் பதிந்து, தான் பாடியதாகக் கொடுத்துப் பரிசும் வாங்கிவிட்டார். உண்மையில் பாடியவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த அனுபவத்தில் பிறந்தது ஒன்பதாவது விதி.

சான்று எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எட்டாவது விதிப்படி யார் பாடியது என்று எனக்குத் தெரியக் கூடாது. ஒன்பதாவது விதிப்படி அவர் உயிரோடு இருப்பதை நான் உறுதி செய்ய வேண்டும். இரண்டையும் எழுதியவன் நான். வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு பக்கத்துக்கு விளக்கம் கேட்டிருப்பேன். ஆகவே காதாலேயே சான்றளிப்பது என்று முடிவெடுத்தேன்.

மொத்தம் ஏழு பதிவுகள். சங்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டில் நடுவில் நாய் குரைக்கிறது, பாடுகிறவர் "ச்சூ" என்கிறார். உயிருடன் உள்ளார். இரண்டாவதில் இருமல். உயிருடன் உள்ளார், கவனம் தேவை. மூன்றாவதில் வளையல் சத்தம். நல்ல பாட்டு. இப்படியே ஆறாவதுக்கு வந்தேன்.

காரமடை வரைக்கும் வந்தாயே மழையே,
எங்க வீதி மட்டும் வழி தெரியலையா?
கொடி நிறையத் துணி காயப் போட்டேன்,
நனைச்சுப் போகவாவது வா மழையே.

கேட்டதில்லை அப்படி ஒரு குரல். மெல்லியது, ஆனால் பலவீனமில்லை. மழை வருமென்று துணி எடுக்கிற ஊரில், மழையை வரவழைக்கத் துணி காயப் போடுகிற ஒருத்தி. நான்கு முறை கேட்டேன். சான்றளிக்க ஒருமுறை போதும். மற்ற மூன்றும் நடைமுறைக்கு அப்பாற்பட்டவை. பிறகு பேனாவை எடுத்து எழுதினேன்:

"ஆறாம் எண் பாடலைப் பாடியவர் உயிருடன் உள்ளார். மூன்றாம் வரிக்கு முன் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்கிறது. குரலுக்கு வயது இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில். 'மழை' என்ற சொல்லில் ழகரம் பழுதற்று உள்ளது. இக்காலத்து இளம்பெண்களிடம் இது அரிது. மேற்படி நபர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாதவர்."

கடைசி வரி தேவையே இல்லை. பாரபட்சம் இல்லை என்று காட்டுவதற்காகச் சேர்த்தேன். நேர்மை சில சமயம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

வீட்டுக்குப் போனேன். ருக்மணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மனதில் இருந்ததை அடக்க முடியவில்லை.

"ஆறாம் நெம்பருன்னு ஒரு புள்ள பாடிருக்குது. யாரு பெத்த புள்ளையோ தெரியலை."

"அப்பிடிங்களா."

"நம்ம வீதிலயே எங்கியோதான் இருக்குது. இத்தன நாளு யாருக்கும் தெரியாமயே போச்சு பாரு."

"ஆமாங்க. சில பேரு பக்கத்துல இருந்தாலும் தெரியறதில்லீங்க." தோசையைத் திருப்பினாள். "உசுரு இருக்குதுங்களா அந்தப் பாட்டுல?"

"உசுரா? ததும்புது."

அவள் அடுத்த தோசைக்கு இரண்டு கரண்டி நெய் விட்டாள். என் கொலஸ்ட்ரால் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவள். நான் கவனித்தது நெய்யை மட்டும்தான்.

விழா அன்று, நடுவர்களாக வந்த இரண்டு இசை ஆசிரியர்களும் ஆறாம் எண்ணுக்கே முதல் பரிசு என்றார்கள். மூன்றாம் எண்ணுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு சாய்க்கும் கிரைண்டர். அதை அளித்தவர் எங்கள் இணைச் செயலாளர் கனகராஜ். கிரைண்டர் தயாரிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு நாலு வயது இளையவர், என் பதிவேடுகள் மேல் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு மரியாதை கிடையாது.

உறையைப் பிரிப்பதற்கு முன் நான் மைக்கைப் பிடித்து என் சான்றை முழுவதும் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை. கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்திப் படித்தேன். கைத்தட்டல்கூட வந்தது.

தலைவர் பொன்னுசாமி உறையைக் கிழித்தார். கண்ணாடியை இறக்கி, ஏற்றி, படித்தார்.

"பாடியவர், பனிமலர். அடைப்புக்குறிக்குள்ள கம்ப்யூட்டர்ல உருவாக்குன பாடகின்னு போட்டிருக்குதுங்க. உருவாக்குனது... ருக்மணி, ஊட்டு நெம்பர் நாப்பத்திரெண்டு." காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நாப்பத்திரெண்டு உங்க ஊடுங்களே சார்?"

கூட்டத்திலிருந்து கனகராஜின் குரல்.

"ஏனுங் சார், கம்ப்யூட்டருக்கு உசுரோட இருக்கறதுக்குச் சர்ட்டிபிகேட் குடுத்துட்டீங்களா? எங்க பட்டறைல ஒரு லேத்து மிசினு இருக்குதுங்க. அதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா பென்சன் வாங்கிக்கலாமுங்க."

நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. பரிசு நிறுத்திவைக்கப்பட்டது. ருக்மணி மூன்றாவது வரிசையில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னனுங்களே. போனைக் காட்டுனேன். மிசினுன்னு சொன்னீங்க, உசுரில்லைன்னீங்க." அவள் குரல் ஏறவில்லை. "ஆளு தெரியாமக் கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு பாக்கலாம்னுதான் குடுத்தேன். நீங்க மைக்குல படிப்பீங்கன்னு நெனைக்கலீங்க."

பிறகு லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அந்த மென்பொருள் ஜப்பான் மொழிக்காகச் செய்தது. இலவசம். அதில் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து கொடுத்தால், நாம் எழுதும் சுரத்துக்கு ஏற்றபடி அவற்றைக் கோத்துப் பாடவைக்கும். தமிழில் தயாராகக் கிடைத்த குரல்களில் ழகரம் வழுக்கியது. அதனால் அவளே பதிந்திருக்கிறாள்.

"இருநூத்தி நாப்பத்தேழு எழுத்துன்னு படிச்சோமுங்களா? பத்தலீங்க. க ஒண்ணுக்கே மூணு சத்தம் இருக்குது. கடலுக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு, சங்குக்கு ஒண்ணு. எல்லாத்தையும் எதிரொலி வராம ஜமுக்காளத்துக்குள்ள உக்காந்து தனியா எடுத்தேன். மூச்சு வாங்கற சத்தத்த மட்டும் எட்டு வெதமா எடுத்தேன்."

"யாரோட கொரலு அது?"

அவள் பட்டியலில் 'ழை' என்ற கோப்பைத் தட்டினாள். லேப்டாப்பிலிருந்து ருக்மணி ழை என்றாள். முப்பத்தெட்டு வருடமாகச் சாப்பிடக் கூப்பிடுகிற, போனில் சார் பட்டம் வாங்குகிற அதே கட்டைக் குரல். பிறகு ஏதோ ஒரு பொத்தானை நகர்த்தினாள். குரல் ஒவ்வொரு படியாக ஏறியது. ஏழாவது படியில் பனிமலர் வந்துவிட்டாள்.

மச்சம் கன்னம் மாறினால் கண்டுபிடிக்கிறவன். சுருதி மாறியதும் சொந்த மனைவியை முன்பின் அறிமுகமில்லாதவர் என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"எனக்குப் பாடோணும்னு ஆசைங்க" என்றாள் ருக்மணி. "இந்தக் கொரல வெச்சுக்கிட்டுப் பாடுனா சிரிப்பாங்கன்னுதான் பாடலை. வேற ஒண்ணுமில்லீங்க."

முப்பத்தெட்டு வருடம் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கனகராஜ் வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். அவர் கெட்டவர் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். காபியை ருசித்துக் குடித்துவிட்டுத்தான் என்னைத் தூக்கில் போட ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு வரிங்க சார். 'தவறுதலாக வழங்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டீங்கன்னா விசயம் அக்கட்டால போயிரும். அக்கா பாட்டு போட்டிக்குத் தகுதியில்லைன்னு ஆயிரும். அடுத்தவங்களுக்குப் பரிசு. அடுத்தது எங்க மருமகதான், அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"போடலைன்னா?"

"நம்பிக்கையில்லாத் தீர்மானமுங்க. ஏழு நாள் நோட்டீஸ் குடுத்து சிறப்புக் கூட்டம். நீங்க எழுதுன விதிதான்."

அவர் போனதும் ருக்மணி காகிதத்தை எடுத்து ஒருமுறை படித்தாள்.

"போட்டுக் குடுத்துருங்க. அது என்னோட கொரலுன்னு நமக்கு ரெண்டு பேருக்குந்தான் தெரியும். அத்தன பேரு முன்னால, சம்சாரத்துக் கொரலே எனக்குத் தெரியலைன்னு நீங்க நிக்க வேண்டாமுங்க."

அவள் சொன்னது சரிதான். கையெழுத்துப் போட்டால் நான் ஒரு மிஷினிடம் ஏமாந்த கிழவன், அவ்வளவே. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். போடாவிட்டால் பெண்டாட்டியின் குரல் தெரியாதவன். அப்படி நான் ஒருவன்தான் இருப்பேன். ஆனால் அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால், ஸ்டோர் ரூமில் ஜமுக்காளத்துக்கு நடுவே உட்கார்ந்து பாடியது ஒரு மிஷின் என்று ஆகிவிடும். அன்று வாயால் மிசினு என்றேன், இம்முறை என் கையெழுத்தில். காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை ஆடுவது நின்றது.

"லேப்டாப்ப சார்ஜ் போட்டு வை. கூட்டத்துக்கு நீயும் வாரே" என்றேன்.

அந்த ஏழு நாளும் மத்தியானங்களில் அவளோடு உட்கார்ந்து இம்மாதிரிப் பாட்டுகளைக் கேட்டேன். எங்கெங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஆட்கள் செய்தவை. சில தவளை கத்துகிற மாதிரி இருந்தன. சிலவற்றைக் கேட்டுவிட்டு நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன். (தூசி. கண்ணில்.) மனிதர்கள் பாடும் பாட்டிலும் இதே விகிதம்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கூட்டத்தன்று மண்டபத்தில் இடமில்லை. சாக்கடைப் பிரச்சினைக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. கனகராஜ் தீர்மானத்தை முன்மொழிந்து பேசினார். "உசுரோட இருக்குதுன்னு எழுதியிருக்காரு. எங்க இருக்குது? கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

நான் எழுந்தேன். "தலைவர் அவர்களே, விதி ஒன்பதுக்கு வேண்டியது குரலுக்கு உரியவர் உயிருடன் இருப்பதுதான். குரலுக்கு உரியவர் வந்திருக்கிறார். முறைப்படி நேர்காணல் நடத்த அனுமதி கேட்கிறேன்."

"பாத்துக்கலாமுங்க" என்றார் தலைவர்.

ருக்மணி மேடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் பதிவேட்டோடு உட்கார்ந்தேன்.

"பெயர்?"

"ருக்மணிங்க."

"வயது?"

"அறுவத்தொண்ணு."

"கணவர் பெயர்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது சொல்ல மாட்டனுங்க. வேணும்னா எழுதிக் காட்டறேன்."

மண்டபம் சிரித்தது. பதிவேட்டில் எழுதிக் காட்டினாள். எழுத்துப்பிழை இல்லை. சரிபார்க்கப்பட்டது என்று குறித்துக்கொண்டேன்.

"மாதிரிக் குரல் தேவை. 'மழை' என்று சொல்லுங்கள்."

"மழை" என்றாள் ருக்மணி. கட்டைக் குரல் மைக்கில் இன்னும் கட்டையாகக் கேட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் லேப்டாப்பைத் தட்டினேன். அதே மழை. ஒரு படி ஏற்றினேன். இன்னொரு படி. மூன்றாவது படியில் முன்வரிசைக்குப் புரிய ஆரம்பித்தது. ஐந்தில் பின்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. ஏழாவது படியில் நிறுத்தாமல் பாட்டையே ஓடவிட்டேன். காரமடை வரைக்கும் வந்த மழை, மண்டபத்துக்குள் வந்தது.

பாட்டு முடிந்ததும் கனகராஜ் மெதுவாக எழுந்தார். கையில் என் சான்றின் நகல்.

"சரிங்க சார். ஒத்துக்கறேன். அக்கா கொரலுதான். அப்ப இந்தக் கடைசி வரி?" நிறுத்தி, நான் விழாவில் படித்த அதே அழுத்தத்தோடு படித்தார். "'மேற்படி நபர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாதவர்.'"

சிரிப்பு என்றால் அது சிரிப்பு. நாற்காலியிலிருந்து ஒருவர் வழுக்கி விழுந்தார். தலைவர் விழித்துக்கொண்டு "தீர்மானம் நிறைவேறிருச்சுங்களா?" என்றார். நான் அடங்கும்வரை காத்திருந்து மைக்கை எடுத்தேன்.

"அந்த வரி தவறு. முப்பத்தெட்டு வருடம் கேட்ட குரல். எனக்குத் தெரியவில்லை. தவறு குரலுடையது அல்ல, கேட்டவனுடையது. மற்ற வரிகள் நிற்கும்." பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. "இனி தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடலாம்."

அப்போது கனகராஜின் மருமகள் எழுந்து நின்றாள். மூன்றாம் எண், வளையல்.

"மாமா, உட்டுப்போடுங்க. அவங்க பாட்டுத்தான் நல்லா இருக்குது. நம்மூட்டுல ஏற்கெனவே ஆறு கிரைண்டர் நிக்குதுங்க."

கனகராஜ் வாக்கெடுப்புக்காகத் தீர்மானத்தைப் படிக்க இரண்டுமுறை முயன்றார். இரண்டுமுறையும், அதில் என் சான்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்த 'முன்பின்' என்ற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். முன்மொழிந்தவர் படிக்காத தீர்மானம் செல்லாது. அதுவும் நான் எழுதிய விதிதான். கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த தேர்தலில் கனகராஜ் செயலாளர் ஆனார். முதல் வேலையாக ஒன்பதாவது விதியை நீக்கினார். நான் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ருக்மணி இதுவரை ஆறு பாட்டு செய்திருக்கிறாள். கடைசிப் பாட்டில் குரலை ஏற்றவே இல்லை. சொந்தச் சுருதியிலேயே விட்டிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்னிடம் வரட்டும்.

ஆனால் ஒரு பழக்கம் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. பெங்களூரிலிருக்கும் மகள் போன் செய்தால் "அப்பா, நான் உங்க மக பேசறேன், ஒரே மக" என்று ஆரம்பிக்கிறாள். மருமகன் தன் அங்க அடையாளம் இரண்டைச் சொன்ன பிறகே சௌக்கியம் விசாரிக்கிறார். போன வாரம் ருக்மணிக்கு நல்ல மைக் ஒன்று வாங்க காந்திபுரத்தில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, வணக்கமுங்க. பேரு ருக்மணி. வயசு அறுவத்தொண்ணு. துடியலூரு. உங்க சம்சாரமுங்க. வாரப்ப கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க."

விவரம் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை. "சரிங்க" என்று வைத்தேன். கடைக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

"யாருங்க சார் அந்த சாரு? கொத்தமல்லி கேக்கறாரு?"

"பாடகிங்க" என்றேன். "இருக்கறதுலயே நல்ல மைக்கா எடுங்க."